அவர் இங்கே இருந்திருந்தால்

ஃபார்கோ, நார்த் டகோட்டா
செப்டம்பர் 24

மாரிட்,

நீங்கள் என்னோடு பேசுவதை நிறுத்தி நாலு வருடம் ஆகிறது. ஆனால் கடிதம் போடக் கூடாது என்று நீங்கள் சொன்னதில்லை. வக்கீலாக இருந்தவர், சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். செனட்டில் லிஃப்டுக்குள் நான் நிற்பதைப் பார்த்தால் படியேறிப் போய்விடுகிறீர்கள். அறுபத்து நாலு வயது முழங்காலுக்கு அது நல்லதல்ல.

விஷயத்துக்கு வருகிறேன். சோல்வேக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஒன்றரை வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றுவிட்டாள். என்னுடையது அவளுக்குப் பொருந்துகிறது. மருத்துவர் என் வயதைப் பார்த்து முதலில் உதட்டைப் பிதுக்கினார். பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு, விவசாயி உடம்பு, எடுக்கலாம் என்றார். எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தொரு வருடம். அவள் உங்கள் கட்சி, நான் என் கட்சி. ஒவ்வொரு தேர்தலிலும் சேர்ந்து போய் ஒருவர் ஓட்டை ஒருவர் வெட்டிவிட்டு, சேர்ந்து வந்து காபி குடிப்போம் என்பது உங்களுக்குத் தெரியும். சிறுநீரகம் தருகிறேன் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “உன் கிட்னி உள்ள வந்துட்டா நான் உன் பக்கம் ஓட்டுப் போடுவேன்னு நெனப்பா? நடக்காது” என்றாள்.

அறுவை சிகிச்சை அக்டோபர் 17. இரண்டு முறை கிருமி தொற்றித் தள்ளிப்போனது. இப்போது அவள் ரத்தம் சுத்தமாக இருக்கிறது, இதை விட்டால் எப்போது என்று சொல்ல முடியாது என்கிறார்கள். அக்டோபர் 19 அன்று உச்ச நீதிமன்றக் காலியிடத்துக்கான ஓட்டெடுப்பு. கணக்கு உங்களுக்கும் மனப்பாடமாகியிருக்கும். எங்கள் ஐம்பது, உங்கள் ஐம்பது, சமமானால் துணை அதிபர் ஓட்டுப் போட்டு எங்கள் நீதிபதி உள்ளே போய்விடுவார். நான் வராவிட்டால் தோற்போம். அடுத்த நாளே சபை தேர்தல் விடுப்புக்குப் போய்விடுகிறது. எங்கள் தலைவர் தொலைபேசியில் என் உடல்நலம், சோல்வே உடல்நலம், கோதுமை விலை எல்லாம் விசாரித்துவிட்டு, ஆபரேஷனைப் பத்து நாள் தள்ளிப்போட முடியாதா என்றார்.

எனக்கு ஒரு ஜோடி வேண்டும். என் அலுவலகத்து ரூத்துக்கு அது என்னவென்றே தெரியவில்லை. அவள் வயதில் யாருக்குமே தெரிவதில்லை. ஒருவரால் வர முடியாவிட்டால், எதிர்ப்பக்கத்தில் ஒருவர் தன் ஓட்டைப் போடாமல் நிறுத்திக்கொள்வது, கணக்கு மாறாமல் இருப்பதற்காக, என்று விளக்கினேன். எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டாள். சட்டத்தில் இல்லை, வாய்ச்சொல்தான் என்றேன். சிரித்துவிட்டாள்.

உங்கள் பக்கத்தில் மூன்று பேரைக் கேட்டுப் பார்த்தேன். மூன்று பேரும் சோல்வேக்காகப் பிரார்த்திப்பதாகச் சொன்னார்கள்.

ஹல்வோர் ஸ்டென்ருட்


வாஷிங்டன்
செப்டம்பர் 29

ஹல்வோர்,

சோல்வேக்கு இவ்வளவு ஆகியிருக்கிறது, யாரும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நினைத்து இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் உங்கள் மேல் கோபம் வந்தது. கோபத்தோடு எழுதுகிறேன்.

ஜோடியா? என்னையா கேட்கிறீர்கள்?

நாலு வருடத்துக்கு முன்பு இதே மாதிரி ஒரு காலியிடம். அப்போது அதிபர் எங்கள் கட்சி. அவர் அனுப்பிய லிண்டால் என்னோடு பதினெட்டு வருடம் ஒரே அலுவலகத்தில் வக்கீலாக இருந்தவர். தேர்தல் வருடத்தில் நாற்காலியை நிரப்பக் கூடாது, ஜனங்கள் முடிவு செய்யட்டும் என்று உங்கள் கட்சி சொன்னது. ஏழு மாதம் அந்த மனிதர் கோட்டு சூட்டைத் தேய்த்து மாட்டிவைத்துக் காத்திருந்தார். ஒருவரும் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. நீங்கள் மட்டும் அன்றைக்கு என் சமையலறைக்கு வந்தீர்கள். ருபார்ப் தண்டு வைத்து நான் சுட்ட ‘பை’ பலகாரத்தை இரண்டு துண்டு சாப்பிட்டீர்கள். சாப்பிட்டுவிட்டுச் சொன்னதை நான் மறக்கவில்லை. “நாளைக்கு எங்க அதிபரே இப்படி ஒருத்தர அனுப்பினாலும் நான் இதையேதான் சொல்வேன் மாரிட். மாறினா இந்தத் தட்ட என் மூஞ்சில அடிங்க” என்றீர்கள்.

கட்சிக்கு ஒரு நியாயம் இருந்துவிட்டுப் போகட்டும், உங்களுக்கு ஒரு சொல் இருக்கிறது என்று நம்பினேன். ஆனாலும் லிண்டாலை நடத்திய விதம் தாங்காமல்தான் உங்களோடு பேச்சை விட்டேன். இந்த ஆகஸ்டில் நீங்கள் தொலைக்காட்சியில் வந்து, நிலைமை வேறு, இப்போது நிரப்பலாம் என்றீர்கள். தட்டு இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

நவம்பர் 7 அன்று மினசோட்டாவில் நான் தேர்தலில் நிற்கிறேன். கருத்துக்கணிப்பில் ஐந்து புள்ளி முன்னால் இருக்கிறேன். உங்கள் நீதிபதி உள்ளே போக நான் வழிவிட்டேன் என்று தெரிந்தால் என் ஜனங்கள் என்னைச் சும்மா விடுவார்களா? விடக் கூடாது. நானே விட மாட்டேன்.

முடியாது, ஹல்வோர்.

சோல்வே இப்போது என்ன சாப்பிடலாம்? எதையாவது அனுப்ப வேண்டும் போலிருக்கிறது.

மாரிட்


ஃபார்கோ
அக்டோபர் 2

மாரிட்,

நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. தட்டு விஷயம் உட்பட.

ஆபரேஷனைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டேன். மருத்துவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சோல்வேதான் அவரைச் சமாதானப்படுத்தினாள். “போய் ஓட்டுப் போட்டுட்டு வரட்டும், டாக்டர். அவன் கிட்னி அவன்கிட்டதானே இருக்கு, எங்க ஓடப் போகுது” என்றாள். காரில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பீட் கிழங்கு அறுவடை லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவற்றை எண்ணிக்கொண்டு வந்தேன் என்று வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். எத்தனை என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: உருளைக்கிழங்கு கூடாது. அதனால் லெஃப்ஸா கூடாது. தக்காளி கூடாது, வாழைப்பழம் கூடாது. தண்ணீர் அளந்துதான். ஆப்பிள் சாப்பிடலாம். அந்த உருளைக்கிழங்கு ரொட்டி இல்லாமல் நார்வேக்காரி எப்படி உயிர் வாழ்வாள் என்று தினமும் என்னைக் கேட்கிறாள், நான்தான் சட்டம் போட்ட மாதிரி.

உங்களுக்கு அவள் அன்பைச் சொல்லச் சொன்னாள். மினசோட்டாவில் அவளுக்கு ஓட்டு இல்லையே என்று வருத்தப்படுகிறாள்.

ஹல்வோர்


வாஷிங்டன்
அக்டோபர் 5

ஹல்வோர்,

என்ன மனிதர் நீங்கள்! கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பேன். திட்டியிருந்தால் சந்தோஷமாக மறுத்திருப்பேன். லாரி எண்ணினாள் என்று எழுதினால் நான் என்ன செய்ய?

இன்றே மருத்துவரைக் கூப்பிட்டு 17ஆம் தேதியை உறுதி செய்யுங்கள். நான் ஜோடி தருகிறேன். இது சோல்வேக்காக, உங்களுக்காக இல்லை. என் பிரசார மேலாளரிடம் சொன்னேன். பாவம், அவன் நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தான். “மேடம், அஞ்சு பாயிண்ட்ட நீங்களே ஆத்துல வீசுறீங்க” என்றான். வீசுகிறேன் என்றேன்.

இந்த வழக்கத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. என் பெயரை அழைக்கும்போது நான் எழுந்து, எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். பழைய சபைக் குறிப்பேட்டில் தேடி எழுதி வைத்திருக்கிறேன்: ‘நார்த் டகோட்டா செனட்டர் ஸ்டென்ருடுடன் எனக்கு ஜோடி இருக்கிறது. அவர் இங்கே இருந்திருந்தால் சம்மதம் என்று ஓட்டளித்திருப்பார். நான் ஓட்டளிப்பதானால் சம்மதமில்லை என்பேன். ஆகவே என் ஓட்டை நிறுத்திக்கொள்கிறேன்.’

உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லி நாலு வருடம் ஆகிறது. நேற்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.

ஒரு நிபந்தனை. நீங்கள் இருந்திருந்தால் எப்படி ஓட்டளித்திருப்பீர்கள் என்று ஒரே ஒரு வரி, உங்கள் கையெழுத்தில் எழுதி அனுப்ப வேண்டும். விதி அப்படிக் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். இன்னொருவருடைய ஓட்டை நான் வாயில் எடுத்துச் சொல்லப் போகிறேன். அது கையில் தாளாக இருந்தால் எனக்குத் தெம்பு.

ஆப்பிள் ஒரு பெட்டி தனியாக வருகிறது.

மாரிட்


ஃபார்கோ
அக்டோபர் 9

மாரிட்,

உங்கள் கடிதத்தைச் சோல்வேக்குப் படித்துக் காட்டினேன். ‘உங்களுக்காக இல்லை’ என்ற இடத்தில் திரும்பப் படிக்கச் சொன்னாள். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இப்போது எதற்கெடுத்தாலும் அதைச் சொல்கிறாள். போர்வை எடுத்துக் கொடுத்தால், “குளிருக்காக வாங்கிக்கறேன், உனக்காக இல்ல.”

ஆப்பிள் வந்தது. ஒரு நாளைக்கு ஒன்று. நாலாக நறுக்கி, மூன்று துண்டு அவளுக்கு, ஒன்று எனக்கு.

17ஆம் தேதி மறுபடி உறுதியாகிவிட்டது. மருத்துவர் பேனாவை வெளியே எடுத்தார்.

உங்களுக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அதைச் சத்தமாகச் சொல்லிப் பழக்கமில்லை. பக்கத்து வயல்காரருக்கு உடம்பு முடியாவிட்டால் போய் அவர் பீட்டையும் சேர்த்து அறுத்துவிட்டு, பேசாமல் வந்துவிடுவோம். அறுக்க உங்களிடம் வயலும் இல்லை.

நீங்கள் கேட்ட வரியைத் தனியாக அனுப்புகிறேன். இன்று எழுத உட்கார்ந்தேன், யாரோ வந்துவிட்டார்கள்.

ஹல்வோர்


மூர்ஹெட், மினசோட்டா
அக்டோபர் 13

ஹல்வோர்,

பிரசாரத்துக்காக ஊருக்கு வந்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு ஆறும் ஒரு பாலமும்தான். இந்தக் கடிதம் அதைக் கடக்க இரண்டு நாள் எடுக்கும். சிரிப்பாக இருக்கிறது. ஆனாலும் தபாலிலேயே போகட்டும்.

ஜோடி விஷயம் வெளியே வந்துவிட்டது. வெளியே சொன்னது எங்கள் பக்கத்து மூன்று பிரார்த்தனைக்காரர்களில் ஒருவராகத்தான் இருக்கும். நேற்று மளிகைக்கடையில் கைகுலுக்கக் கை நீட்டினேன். இருபது வருடமாக எனக்குக் கொடி பிடித்த டோர்டிஸ், கையைக் கோட்டுப்பைக்குள் வைத்துக்கொண்டாள். “அவங்க நம்ம லிண்டாலுக்கு ஒரு நாற்காலி போட்டாங்களா மாரிட்? நீங்க மட்டும் ஏன் நாகரிகம் பாக்கறீங்க?” என்று கேட்டாள். ஒரு பெண்மணிக்கு உடம்பு சரியில்லை என்றேன். நாட்டுக்கே சரியில்லை என்றாள். அவள் சொன்னதும் சரிதான்.

ஐந்து புள்ளி ஒரு புள்ளியாகிவிட்டது. மேலாளர் என்னோடு பேசுவதில்லை, சீட்டு எழுதி வைக்கிறான். பேச்சை விடும் இந்தத் தொற்று யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

கொடுத்த வார்த்தை கொடுத்ததுதான். ஆனால் உங்கள் வரி எங்கே? ஒரு வரி எழுத எத்தனை நாள்?

மாரிட்


மருத்துவமனை, ஃபார்கோ
அக்டோபர் 16, பிற்பகல்

மாரிட்,

இதை ரூத் விமானத்தில் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுப்பாள். நாளைக் காலை எங்கள் இருவரையும் உள்ளே கொண்டுபோகிறார்கள். பக்கத்துப் பக்கத்து அறை. முதலில் நான்.

யாரும் வரவில்லை. அன்றைக்கு யாரோ வந்துவிட்டார்கள் என்று எழுதினேனே, அது பொய். ஒரு வாரமாக அந்த வரியை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். ‘நான் அங்கே இருந்திருந்தால் சம்மதம் என்று ஓட்டளித்திருப்பேன்.’ பத்து வார்த்தை கூட இல்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் கை நின்றுவிடுகிறது.

இன்று காலை சோல்வே கட்டிலில் சாய்ந்துகொண்டு ஐஸ் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். “மாரிட் எழுந்து நின்னு உன் பேரச் சொல்லப் போறா” என்றாள். ஆமாம் என்றேன். “அப்புறம் என்ன சொல்லுவா?” சம்மதம்னு சொல்லுவாங்க, என்றேன். “அத அவ சொல்லணுமா? அந்தச் சமையலறையில நீ சொன்னதக் கேட்டவளே அவதானே?” என்றாள். இன்னொரு ஐஸ் துண்டு கேட்டாள்.

முப்பது வருடம் அரசியலில் இருந்துவிட்டேன். என் வாயால் என் சொல்லை மீற எனக்குத் தெரியும். கொஞ்சம் கண்ணை வேறு பக்கம் திருப்பினால் போதும், வந்துவிடும். உங்கள் வாயால் மீற முடியவில்லை, மாரிட்.

அந்த நீதிபதி நல்லவர். அதை இன்றும் சொல்வேன். தேர்தல் முடிந்து, வருகிற அதிபர் யாராக இருந்தாலும் இதே ஆளை அனுப்பினால் கை தூக்குவேன். தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது தூக்க மாட்டேன் என்று உங்கள் ருபார்ப் பையைத் தின்றுவிட்டுச் சொன்னேன். நீங்கள் கேட்ட வரி இதோ:

நான் அங்கே இருந்திருந்தால், சம்மதமில்லை என்று ஓட்டளித்திருப்பேன்.
ஹல்வோர் ஸ்டென்ருட்

இப்படியானால் நமக்குள் ஜோடி இல்லை. எதிரெதிராக நிற்பவர்களுக்குத்தான் ஜோடி. நீங்கள் உங்கள் ஓட்டைப் போடுங்கள். எங்கள் தலைவருக்கும் சொல்லிவிட்டேன். அவர் சோல்வேயைக் கேட்டதாகச் சொல் என்று தொலைபேசியை வைத்துவிட்டார். மோசமான மனிதர் அல்ல. ஓட்டெடுப்பை மாற்ற அவருக்கு வேறு நாளும் இல்லை. உங்கள் பக்கத்தில் ஒருவரையாவது அதற்குள் கரைத்துவிடலாம் என்று பார்ப்பார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்காக இல்லை. என்னுடையது அவளுக்குள் போய் வேலை செய்யாமல் போய்விடுமோ என்று.

ஹ.


வாஷிங்டன்
அக்டோபர் 19

ஹல்வோர்,

இன்று காலை ரூத் சொன்னாள். இருவரும் கண் விழித்துவிட்டீர்கள், உங்களுடையது சோல்வேக்குள் போன அன்றே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அதைக் கேட்ட பிறகுதான் சபைக்குள் போனேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் செய்தித்தாளில் படிப்பதற்கு முன்னால் என்னிடமிருந்து தெரிய வேண்டும்.

பெயர்களை அகர வரிசையில் அழைத்தார்கள். ‘க்வாலே’ என்று என் பெயர் வந்ததும் எழுந்தேன். நான் ஜோடி சொல்லப் போகிறேன் என்று எல்லாருக்கும் தெரியும், என் பக்கத்தில் சிலர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். கையில் உங்கள் தாள். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துவிட்டது. இப்படித்தான் சொன்னேன்: “நார்த் டகோட்டா செனட்டர் ஹல்வோர் ஸ்டென்ருடுடன் எனக்கு ஜோடி இருந்தது. அவர் இங்கே இருந்திருந்தால், சம்மதமில்லை என்று ஓட்டளித்திருப்பார். என்னை விடுவித்துவிட்டார். சம்மதமில்லை.”

உங்கள் பெயர் வந்த இடத்தில் குரல் உடைந்துவிட்டது. கண்ணாடி முன்னால் ஒழுங்காகத்தான் வந்தது.

நாற்பத்தொன்பதுக்கு ஐம்பது. எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். உங்கள் ஆட்கள் உங்களைப் பற்றி என்னென்ன சொன்னார்கள் என்பதை நான் எழுதப் போவதில்லை. எனக்கு ஜெயித்த மாதிரி இல்லை. வெளியே வந்து லிஃப்டுக்குப் போனேன். கதவு திறந்ததும், பழக்கதோஷம், உள்ளே நீங்கள் நிற்கிறீர்களா என்று பார்த்தேன். இல்லை. ஏறிக்கொண்டு கீழே வரும்வரை அழுதேன்.

மாரிட்


ஃபார்கோ
நவம்பர் 9

மாரிட்,

ஆயிரத்து நூற்று நாற்பது ஓட்டில் தோற்றிருக்கிறீர்கள். இருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், தப்பிருக்காதா என்று. உங்கள் ஓட்டை நீங்கள் போட்ட பிறகும், முதலில் ஜோடி தர ஒப்புக்கொண்டதை உங்கள் ஜனங்கள் மன்னிக்கவில்லை. நீங்கள் ஒப்புக்கொண்டிருக்காவிட்டால் என் மனைவி இன்று டயாலிசிஸ் நாற்காலியில் இருந்திருப்பாள், நீங்கள் செனட்டில் நீடித்திருப்பீர்கள். இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. வருத்தப்படுகிறேன். தலைகுனிகிறேன்.

என் கட்சிக்காரர்கள் என்னிடமிருந்து விவசாயக் குழுத் தலைமையைப் பறித்துவிட்டார்கள். அறையையும் மாற்றிவிட்டார்கள். புது அறைக்கு ஜன்னல் இல்லை என்று ரூத் கோபமாக இருக்கிறாள். உச்ச நீதிமன்ற நாற்காலி இன்னும் காலியாகவே கிடக்கிறது.

சோல்வே நன்றாக இருக்கிறாள். மருத்துவமனையில் என் வயிற்றுத் தையலையும் அவள் வயிற்றுத் தையலையும் ஒப்பிட்டு, அவளுடையதுதான் அழகு என்று தாதியிடம் தீர்ப்பு வாங்கினாள். தேர்தலன்று இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நடந்து போனோம். வெளியே வந்ததும், எந்தப் பக்கம் போட்டாய் என்று கேட்டேன். “உள்ள ஒரு சின்ன சலசலப்பு இருந்துச்சு. அடக்கிட்டேன்” என்றாள். ஆக, வழக்கம்போல் வெட்டிக்கொண்டோம்.

நேற்று மருத்துவர் உருளைக்கிழங்குக்கு அனுமதி கொடுத்துவிட்டார். காலையிலிருந்து வீடெல்லாம் மாவு. லெஃப்ஸா முதல் தடவை சுடுவதானால் நீங்களும் இருக்க வேண்டும் என்கிறாள். அவள் கேட்கிறாள் என்று எழுதினால் வருவீர்கள் என்று தெரியும். அதனால் அப்படி எழுதப் போவதில்லை. நான் கேட்கிறேன். எனக்காக வாருங்கள்.

ஹல்வோர்


மூர்ஹெட்
நவம்பர் 12

ஹல்வோர்,

பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை, பத்து மணி. பாலத்தின் வழியாக நடந்தே வருகிறேன். அந்தத் தட்டையும் கொண்டுவருகிறேன். பயப்பட வேண்டாம், மேலே ருபார்ப் பை இருக்கும்.

தோற்றதைப் பற்றி இனி ஒரு வார்த்தை எழுதாதீர்கள். டோர்டிஸ் நேற்று வந்தாள். கையைக் கோட்டுப்பையிலிருந்து எடுக்கவில்லை, ஆனால் வாசலில் நின்று சோல்வே எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கதவைத் திறந்ததும் முதல் வார்த்தை நீங்களே பேசுங்கள். உங்களோடு பேசிப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. பெயர் மட்டும்தான் சொல்லத் தெரியும்.

மாரிட்